ஆயுளுக்கு ஓர் அட்டை

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்" என்றது மருந்துப் பெட்டி, மூன்றாவது முறையாக.

எப்படிப் பொருந்தும்? செல்வராணியின் இடது கன்னம் கண்ணையே மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. பல்வலிதானே என்று கிராம்பை அடக்கிக்கொண்டு எட்டு நாள் தள்ளியவள். இப்போது எச்சில்கூட இறங்கவில்லை.

"என் மூஞ்சியக் காட்டுதேன்க்கா" என்றாள் தங்கை ஜெசிந்தா.

"வேண்டாம்ட்டி" என்று செல்வராணி குழறினாள். "ஆயுசுக்கு ஒருதரம்தான் தருவாங்க. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா?"

"எனக்கு என்ன வரப்போவுது? நீ பேசாம இரு."

ஜெசிந்தா கேமரா முன்னால் நின்றாள். பெட்டி உடனே அடையாளம் கண்டுகொண்டது.

"ஜெசிந்தா, வயது இருபத்தாறு. உங்கள் ஆயுளுக்கான ஒரே ஆன்டிபயாட்டிக் இது. சம்மதமா?"

"சம்மதம்."

பத்து மாத்திரைகள் கொண்ட அட்டை தட்டில் விழுந்தது. அக்கா முதல் மாத்திரையைத் தண்ணீரோடு திணறித் திணறி விழுங்கி முடிக்கும்வரை ஜெசிந்தா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, காலையிலிருந்து கடைவாயில் அடக்கியிருந்த கிராம்பை உள்ளங்கையில் துப்பிவிட்டு, புதிதாக ஒன்றை வைத்துக் கடித்துக்கொண்டாள்.