இரண்டு ஸ்வெட்டர்

மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. சங்கரநாராயணன் மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கடைக்காரன் என்னைய மேலயும் கீழயும் பாத்தான்," என்றார் மனைவி தங்கபுஷ்பத்திடம். "கனடாவுக்குன்னு சொன்னேன். ஒடனே நாற்காலி எடுத்துப் போட்டான்."

மகள் சௌமியாவுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் இன்ஜின் பழுதுபார்க்க வந்து போய்க்கொண்டிருந்த கனடாக்காரன் லூக் அங்கேதான் அவளுக்குப் பழக்கமானான். இப்போது அவன் சுற்றுலா விசாவில் வந்து, திருவொற்றியூரில் இவர்கள் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறான்.

வேறு யாராக இருந்தாலும் சங்கரநாராயணன் சாதி கேட்டிருப்பார். கனடா என்றதும் கேட்கவில்லை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அவருக்குக் கடை. துரு நகக்கண்ணில் ஏறி, எந்த சோப்புக்கும் போகாமல் நின்றுவிட்டது. மகளாவது இதிலிருந்து தப்பவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை.

போன மாதம் பக்கத்துக் கடை திருமுருகன், தன் அண்ணன் மகன் இசக்கிப்பாண்டிக்குப் பெண் கேட்டு வந்தார். பையன் கூடவே இருந்து உங்கள் கடையைப் பார்த்துக்கொள்வான் என்றார். துருவைச் சுரண்டுகிறவனுக்குக் கொடுக்கவா பெண்ணைப் பெற்றேன் என்று சங்கரநாராயணன் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்.

கனடா போகும் வழியும் திருமுருகன் வீட்டுக் கதையிலிருந்து தெரிந்துகொண்டதுதான். திருமுருகனின் மகள் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று விசிட் விசாவில் அங்கே போனாள். போன இடத்தில், காதலித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அங்கிருந்தபடியே விசாவை மாற்றிக்கொண்டாள். திரும்பவே இல்லை.

சௌமியா பலமுறை பேச வந்தாள்.

"விசா விஷயத்த அவர்ட்டயே ஒரு வார்த்தை கேட்டுருங்கப்பா."

"மாப்பிள்ளைட்டப் போயி விசா பத்திக் கேட்டா, அதுக்குத்தான் பொண்ணு குடுக்கோம்னு நெனைக்க மாட்டானாட்டி?"

எனவே அவனைத் தவிர எல்லோரிடமும் கேட்டார். டிராவல்ஸில் கேட்டார். வங்கி மேனேஜரிடம் கேட்டார். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரின் மச்சான் கனடாவில் இருப்பதாகத் தெரிந்ததும் அவனுக்கும் போன் போட்டார்.

லூக்குக்குத் தமிழ் வரும். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களிடம் கற்ற தமிழ். வந்த அன்றே அவரை நைனா என்று கூப்பிட்டான். தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனடா போய்விட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் பொறுத்துக்கொண்டார்.

"ஸ்வெட்டர அவன் பெட்டில வச்சிரு புஷ்பம். அம்மாம் பெரிய பெட்டி மூணு கொண்டாந்திருக்கான். எல்லாம் நம்ம புள்ள சாமான் கொண்டுபோறதுக்குத்தான்."

"வைக்கலாம். மூணும் காலியாத்தான் கெடக்கு. துணிமணி, தலகாணி, தோசக்கல்லு மாதிரி ஒரு சட்டி, எல்லாத்தயும் எடுத்து பீரோவுல அடுக்கிட்டான்."

"விவரமான பய," என்றார் சங்கரநாராயணன். "எடம் பண்ணி வச்சிருக்கான்."

சௌமியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையைப் பார்க்கத் திருமுருகன் வந்தார். அவர் பார்வையில் படும்படி ஸ்வெட்டர்கள் பெட்டிக்குப் போகாமல் நாற்காலியிலேயே கிடந்தன.

"எப்பம் கெளம்புதாவ அண்ணாச்சி?"

"அடுத்த மாசம். விசிட்ல போயி, அங்கயே முடிச்சு, அங்கயே விசாவ மாத்திக்கிட வேண்டியதுதான். ஒங்க மக மாதிரி."

திருமுருகன் காப்பியை ஆற்றினார். இசக்கிப்பாண்டிக்கு இன்னும் பெண் அமையவில்லை என்றார்.

"அமையும் அண்ணாச்சி. கடையப் பாத்துக்கிட ஆள் தேடுத வீடு எங்கயாவது இருக்கத்தான் செய்யும்."

காப்பியில் ஆடை படிந்திருந்தது. திருமுருகன் அதை விரலால் ஒதுக்கினார்.

கேட் திறக்கும் சத்தம். லுங்கியை மடித்துக் கட்டிய லூக், தண்ணீர் லாரியில் பிடித்த இரண்டு குடங்களோடு வந்தான். லாரி எந்தத் தெருமுனையில் முதலில் நிற்கும் என்பது அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. குடங்களை இறக்கி வைத்துவிட்டு, திருமுருகனுக்கு வணக்கம் சொன்னான்.

சௌமியா அடுக்களை வாசலிலிருந்து அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் சங்கரநாராயணன் அருகில் தரையில் உட்கார்ந்தான்.

ஒரு விஷயம் பேச வேண்டும் என்றான். விசா பற்றி.

சங்கரநாராயணன் நிமிர்ந்தார். அவர் கேட்கவில்லை. அவனாகவே வாயைத் திறக்கிறான்.

"சொல்லுங்க மாப்பிள்ள. அண்ணாச்சியும் கேக்கட்டும்."

"ஆபீஸ்ல கேட்டுகினு வந்துட்டேன் நைனா. கண்ணாலம் முட்ஞ்சா மாத்திக்கலாமாம். ஒரு பேஜாரும் இல்லியாம்."

சங்கரநாராயணன் திருமுருகனைப் பார்த்துச் சிரித்தார். ஸ்வெட்டர்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஏதாவது உண்டா என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

லூக் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"அங்க வூட்ட காலி பண்ணிட்டேன் நைனா. நாளைலேர்ந்து கடைய நான் பாத்துக்கவா?"