முழங்காலளவுக் கடல்

கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே எஞ்சினை அணைத்துவிடுகிறார் படகுக்காரர். இதற்குமேல் போனால் மணல் தட்டுமாம். தீவில் ஈ காக்கை இல்லை. வெயில் தண்ணீருக்குள் இறங்கி அடிமணலில் வலை வலையாய் நெளிகிறது. கல்யாண நாளுக்காகத் தனிப்படகு அமர்த்தி, வழியெல்லாம் அலைகளுக்கே உத்தரவு போட்டுவந்த மேலாளர், இப்போது பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறார். நீச்சல் தெரியாததை முப்பது வருஷமாக மனைவியிடம் மறைத்துவிட்டதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. அவளோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொப்பென்று குதித்தாயிற்று. முழங்கால்வரைதான் தண்ணீர். “வாங்களேன்” என்று கையை நீட்டுகிறாள். “இரு, ஆழத்தை ஆராயணும்.” “அதுக்கு ஒரு கமிட்டி போடணுமாக்கும்?” அவர் படகுக்காரரைக் கண்ணால் காட்டுகிறார், அடுத்தவர் முன்னால் மனைவியின் கையைத் தொட்டுப் பழக்கமில்லை. “நான் எஞ்சினைப் பாக்கறேன் சார்” என்று அந்த மனிதர் முதுகைத் திருப்பிக்கொள்கிறார். மேலாளர் பளபளக்கும் ஷூவோடு அப்படியே இறங்கி, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். “நீ பயப்படுவியேன்னுதான் பிடிக்கிறேன்.” “ஆமாங்க, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு” என்கிறாள் அவள், சிரிப்பைக் கடித்துக்கொண்டு. காய்ந்த மணலுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் இருவருக்கும் தெளிகிற வழியாய் இல்லை.