இடது கை ரிசல்ட்

இரத்தத்திலேயே கிருமி இறங்கியிருக்கலாம் என்று சொல்லி, ஆம்ப்ரோஸின் இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனி பாட்டிலில் இரத்தம் எடுத்தார்கள். "கிருமி வளருதான்னு கல்ச்சர் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

ஆம்ப்ரோஸ் இருபது வருடமாக காக்ஸ் டவுன் மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவர். நூற்று மூன்று டிகிரி காய்ச்சலிலும் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க ஃபேமிலில கல்ச்சருக்கு என்ன டாக்டர் குறைச்சல்?" என்றார். மனைவி ஜோசஃபின் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. வலது கை இரத்தத்தில் கிருமி. இடது கை இரத்தம் சுத்தம். ஆறு பேர் புடைசூழ வந்த பெரிய டாக்டர், "அப்படியும் வரும்மா. மருந்து கேக்குதா, உயிர் தங்குதான்னு ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று பிரசங்கம் போல அறிவித்துவிட்டு நகர்ந்தார்.

மத்தியானம் நர்ஸ் ட்ரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டுக் காந்தா போன் செய்தாள்.

"ஏன்க்கா, அண்ணன வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பசிக்குதுன்னாரு, சோறு போட்டிருக்கேன். ஜோரா சாப்பிடறாரு. ஆமா, வலது கைக்கு என்ன ஆச்சு? இடது கையாலயே பிசைஞ்சு சாப்பிடறாரே?"

ஜோசஃபின் கட்டிலைப் பார்த்தாள். வலது கையில் ஊசியோடு ஆம்ப்ரோஸ் அங்கேதான் படுத்திருந்தார். இருபது வருடக் கம்பீரமெல்லாம் வடிந்த குரலில் கேட்டார்.

"போயிட்டானா? என்னையும் கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னான்."