கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

"மேடம், இதைப் பாருங்க."

கணக்கு டீச்சர் அந்த நோட்டைத் தலைமையாசிரியையின் மேஜைமேல் விரித்து வைத்தார்.

'நான் தம்பியைக் கொல்ல மாட்டேன். நான் தம்பியைக் கொல்ல மாட்டேன்.' கடைசிப் பக்கம் முழுக்க இதே வரி. சில இடங்களில் பேனா அழுத்தித் தாளே கிழிந்திருந்தது.

"யாரு நோட்டு இது?"

"பத்தாம் வகுப்புல குருவின்னு கூப்பிடுவாங்களே, அந்தப் பொண்ணு. வாயே திறக்க மாட்டா. வீட்ல ஏழு மாசக் கைக்குழந்தை இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சுத் தம்பி பிறந்தது அவளுக்குப் பொறுக்கல."

"மாட்டேன்னுதானே எழுதியிருக்கா?"

"மனசுல நினைப்பு இல்லாமலா எழுதுவா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பார்த்துட்டு ஏன் சும்மா இருந்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க."

நல்லவேளை, பிள்ளைகளிடம் மனநலம் பற்றிப் பேச வாரம் ஒருமுறை வரும் ஆலோசகர் அன்று பள்ளியில் இருந்தார். தலைமையாசிரியை நோட்டை அவரிடம் கொடுத்தார்.

ஆலோசகர் குருவியை நூலக அறைக்கு அழைத்துப் போய் எதிரே உட்கார வைத்தார். நோட்டைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மிஸ், என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவீங்களா?"

"நீ என்ன பண்ணினே?"

"இன்னும் எதுவும் பண்ணலை. பண்றதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டாங்கன்னா தம்பி தப்பிச்சுடுவான்."

ஆலோசகர் அவசரப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அவனைக் கொஞ்சணும்னுதான் மிஸ் கிட்டப் போவேன். உடனே அவன் கழுத்தை நான் நெரிக்கிற மாதிரி கண்ணுக்குள்ள வரும். ஓடிப் போயிடுவேன். அப்புறம் பயமா இருக்கும், நிஜமாவே நெரிச்சுட்டேனோன்னு. திரும்ப வந்து மூச்சு விடறானான்னு பார்ப்பேன். ஸ்கூலுக்குப் பாதி வழி வந்துட்டுக்கூடத் திரும்பி ஓடியிருக்கேன்."

"அந்த நினைப்பு வர்றப்போ உனக்கு எப்படி இருக்கும்?"

"நேத்து வாந்தி எடுத்துட்டேன்."

"நோட்டுல எழுதறது?"

"நூறு தடவை எழுதினா அன்னிக்கு அவனுக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணு குறைஞ்சாலும்..." நோட்டில் கிழிந்திருந்த இடத்தை விரலால் மூடினாள். "நான் கெட்டவளா, மிஸ்?"

"இல்லம்மா. கெட்டவங்களுக்கு இப்படி வாந்தி வராது. உனக்கு வந்திருக்கிறது ஒரு நோய். அதுக்கு வைத்தியம் இருக்கு. அம்மாகிட்ட சொல்லலாமா?"

"ஐயோ, வேணாம்! அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டாங்க."

சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில், "நீங்க பக்கத்துல இருக்கணும்" என்று கேட்டுக்கொண்டு தலையசைத்தாள்.

அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரக்கப்பரக்க வந்தாள். தலைமையாசிரியையின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். குருவி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

ஆலோசகர் மெதுவாகத்தான் சொன்னார். "இதுக்கு ஓ.சி.டி.ன்னு பேர். வேண்டாத நினைப்பு விடாம வந்து மிரட்டும். அந்தப் பயத்தை அடக்க, பார்த்ததையே பார்க்கச் சொல்லும், எழுதினதையே எழுதச் சொல்லும்."

"ஓ.சி.டி.ன்னா கையைக் கழுவிக்கிட்டே இருக்கிறதுதானே?" என்றார் தலைமையாசிரியை.

"அதுவும்தான் மேடம். இவ மனசைக் கழுவிக்கிட்டே இருக்கா."

கணக்கு டீச்சருக்கு மனசு ஆறவில்லை. "எதுக்கும் கொஞ்ச நாள் இந்தப் பொண்ணைச் சொந்தக்காரங்க வீட்ல விட்டு வைங்கம்மா. சின்ன உயிர் பாருங்க."

அம்மா நோட்டின் அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு எழுந்து நேராகக் குருவியை நோக்கி நடந்தாள்.

அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"கிட்ட வராதம்மா! அவனைத் தூக்கிட்டு வராத!" குருவி கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அலறினாள்.

அம்மா நிற்கவில்லை. அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, குழந்தையை அவள் மடியில் இறக்கினாள்.

கணக்கு டீச்சர் பதறி எழுந்தார். ஆலோசகர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

குழந்தை சரியப் பார்த்தது. குருவியின் கைகள் தானாக முன்னால் வந்து அதைப் பிடித்தன. அவள் உடம்பெல்லாம் உதறியது. குழந்தையோ அவள் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

அம்மா அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மாடிப்படியில நின்னா ஜாஸ்தியா வருமா?" என்று கேட்டாள்.

குருவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"கீழே போட்டுடுவோமோன்னு வருமா? குளிப்பாட்டறப்போ தண்ணியைப் பார்த்தா பயமா இருக்குமா?"

கண்ணீர் வழிய ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள் குருவி.

ஆலோசகரே ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

அம்மா மகளின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இவ பிறந்ததுலேருந்து பதினஞ்சு வருஷமா எனக்கு இருக்குங்க. இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."