மக்குவுக்கு ஒரு சான்று

“மக்கு வேண்டாம். தூக்கிடு!”

அகராதியின் தலைமை ஆசிரியர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார். ம-வரிசைப் பக்கங்கள் சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

“சார், ஊரே தினம் பத்து தடவ சொல்ற வார்த்தை சார்!” என்று பாய்ந்தாள் வாலு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஓயாமல் வாயடித்து அந்தப் பேரை வாங்கிக்கொண்டவள்.

“ஊர் சொன்னா ஆச்சா? அம்பது வருஷத்துக்கு முன்னாடி ஏதாவது பத்திரிகையில வந்திருக்கணும். அதானே நம்ம சட்டம்? ஒரு மாசமா தேடறேன் தேடறேன்னு நீ கிழிச்சது என்ன?”

தேடியதென்னவோ நிஜம். கீழ்த்தளத்தில் இருந்த பழைய நாளிதழ், வார இதழ் அத்தனையையும் புரட்டி, தும்மித் தும்மி அவள் மூக்கு மிளகாய்ப்பழம் ஆகியிருந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களோ ‘அறிவிலி’, ‘மதியீனர்’ என்று மரியாதையாகவே திட்டிக்கொண்டிருந்தார்கள். மக்கு மட்டும் சிக்கவில்லை. சிக்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். மேசையைத் தட்டி இந்தச் சவாலை விட்டதும் அவளேதான்.

“ஒரு சிறுவர் பத்திரிகை பாக்கி இருக்கு சார். அலமாரிக்குப் பின்னாடி கிடக்கு. அதுல கேள்வி-பதில்கூட...”

“அந்தக் குப்பையா? தொடாதன்னு சொல்லிருக்கேன்ல!”

“ஏன் சார், அது உங்கள என்ன பண்ணிச்சு?”

“எனக்கும் அதுக்கும் ஆகாது. விட்டுடு.”

“அவர் சாப்பிடப் போவார்ல, அப்பப் போய் உருவுடி,” என்று கிசுகிசுத்தாள் தட்டச்சு அக்கா.

அவர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரக்கூட இல்லை, தலையில் ஒட்டடையோடு வாலு ஓடிவந்தாள்.

“மாட்டிக்கிச்சு சார்! நீங்க தொடாதன்ன பத்திரிகைதான். திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. கேள்வி-பதில் பக்கத்துல ஆசிரியர் எழுதிருக்கார் பாருங்க: ‘மக்கு! இதை உன் அப்பாவிடம் கேள். அவருக்கும் தெரியாவிட்டால், குடும்பமே அப்படித்தான் என்று விட்டுவிடு!’”

தலைமை ஆசிரியர் முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. பொங்கிவிட்டது.

“குடும்பத்தையே சேத்து வாரிட்டானே! ஹா... ஹா! சரி, மக்கு உள்ள. நீயும் உள்ள!” என்று அவளுடைய நியமன ஆணையை இழுத்து அப்போதே கையெழுத்துப் போட்டார். “இத வாங்கிக் கட்டிக்கிட்டவன் எவன்? அவன் பேரையும் அகராதியில போடு. இனிஷியலோட, முழுசா. பேரன் பேத்தி வரைக்கும் பாத்துச் சிரிக்கட்டும்!”

“பேரு ஓரத்துல மங்கலா இருக்கு சார். மொதல்ல கேள்வியக் கேளுங்க, இன்னும் ஜோர்: ‘மீன் தண்ணீருக்குள் அழுதால் அதன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?’”

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். தட்டச்சு அக்காவுக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. பத்திரிகையை மெல்ல வாங்கி மூக்கருகே பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இனிஷியல் சொல்லுங்க சார், அடிச்சிடறேன்,” என்று விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டாள் அக்கா.

“தினம் எனக்கு அடிப்பியே, அதே இனிஷியல்தாம்மா,” என்றார் அவர். “கேட்ட கேள்விக்குப் பதிலே போடலன்னு நெனச்சு, திமிர் புடிச்சவனுங்கன்னு, ஒம்பது வயசுலேருந்து இந்தப் பத்திரிகையத் தொடாம இருந்துட்டேன்!”