பரணிதரன் கேட்ட இரண்டு கேள்விகள்

“ஊர்ல எந்தத் தெரு மேடம்?” என்று கேட்டார் பரணிதரன்.

வேலை கேட்டு வந்திருப்பவர் அவர். கேள்வி கேட்க வேண்டியவள் நான்.

சொந்த ஊர் பூதலூர் பக்கம் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் யாரும் கடிதம் போடுவதற்காகத் தெருவை விசாரிப்பதில்லை. சாதியை நேராகக் கேட்க நா கூசுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மஸ்கட்டில் இருபது வருடம் இயந்திரப் பணிமனையை நடத்தியவர். கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் ஊர் திரும்பி, மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார். மகள் மருத்துவம் படிக்கிறாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் நிலத்தில்தான் கைவைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அறுவடை இயந்திரம் விற்கும் எங்கள் தஞ்சாவூர்க் கிளைக்கு அப்படி ஓர் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐம்பது தாண்டியவர் எதற்கு என்று முதலாளி இழுத்தபோது, இவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே நான்தான்.

ஏன் கேட்கிறார் என்பதும் புரிந்தது. சற்று முன்புதான், தான் வேலையில் ஏறி வந்த கதையைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். முதல் வேலை பெரியப்பா சொல்லி. மஸ்கட் விசா மச்சான் மூலம். அங்கே பதவி உயர்வுக்கு ஒரத்தநாட்டுக்காரர் ஒருவர், நம்மாள். எங்கே போனாலும் நம்மாள் யாரென்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், கடைசிவரை கைகொடுப்பது அதுதான் என்றார்.

இப்போது என்னிடமும் அதைத்தான் தேடுகிறார்.

எனக்கு மஸ்கட்டில் மச்சான் கிடையாது. பகலில் கணக்கு எழுதி, தபால் வழியில் பட்டம் வாங்கி, சேற்றில் இறங்கி இயந்திரம் ஓட்டக் கற்று, ஒவ்வொரு படியிலும் இதே கேள்விக்கு மழுப்பி மழுப்பி இந்த நாற்காலிக்கு வந்தவள். கதவில் ‘மலர்க்கொடி, கிளை மேலாளர்’ என்று போட்டிருக்கிறது. இனி எதற்கு மழுப்ப வேண்டும்?

“காலனித் தெரு” என்றேன்.

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அதற்குப் பிறகு மேடம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

“இங்க சேர்ந்தா, உங்களுக்குக் கீழதான் இருக்கணுமா?”

ஆத்திரத்தில் காதெல்லாம் சுட்டது எனக்கு. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்ல மனம் வரவில்லை.

ஆமாம், எனக்குக் கீழேதான் என்றேன்.

வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாக எழுந்தார். வர மாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். மகளின் படிப்பையும் விற்கப்போகும் நிலத்தையும் விட, யாருக்குக் கீழே என்பது பெரிதாகிவிட்டது அவருக்கு.

அவர் போனதும் முதலாளிக்குப் போன் போட்டேன். இவர் ஒத்துவரவில்லை, வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன். சீக்கிரம் பார், நாள் இல்லை என்றார்.

நாள் இல்லைதான். மேலாளர் தேவை என்று மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்தோம். எந்த மேலாளர் என்று பரணிதரன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்த மாதக் கடைசியோடு நான் விலகுகிறேன். அவருக்குக் கொடுக்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தது இந்த நாற்காலியைத்தான். ஒரு நாள்கூட அவர் எனக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியிருந்திருக்காது.