காதுக்குள் ஒரு ஞானி

தையல் கூடத்து மின்விசிறிகளைக் கழற்றிய பனியன் கம்பெனி, ஆளுக்கொரு ஏஐ கிரேக்க ஞானியை இயர்போனில் ஏற்றிக் காதுக்குள் பொருத்திவிட்டிருந்தது.

"புழுக்கம் உன் வசத்தில் இல்லை மகளே, மனம்தான் உன் வசம்" என்று துளசிமணிக்கு அவர் நாள் முழுக்க ஓதுவார்.

அன்று பக்கத்து மெஷினில் சரசாக்கா மயங்கிச் சரிந்தாள்.

"அவள் விழுந்ததும் உன் வசத்தில் இல்லை. தைத்துக்கொண்டிரு" என்றார் ஞானி.

துளசிமணி பெடலிலிருந்து காலை எடுத்தாள். கீழே உட்கார்ந்து சரசாக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "மெஷினை ஏம்மா நிறுத்துன?"

"எது என் வசம்னு உங்க ஞானி ரெண்டு வருசமாப் பாடம் நடத்துறாருங்க. இன்னைக்குத்தான் புரிஞ்சுது. என் காலு என் வசமுங்க. ஃபேனை மாட்டுங்க, அதுவரைக்கும் இது பெடல் மேல ஏறாது."

அவள் பின்னால் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.